வெட்டுக்கோட்டின் மேல் ஒரு பெயர்

“பூட்டுப் போட்டா உடைப்பானுங்கக்கா. பேரைப் போடு. பேரைப் போட்டா கூச்சப்படுவாங்க” என்று சொன்னவன் என் தம்பி. அணுமின் நிலைய டவுன்ஷிப்பான அணுபுரத்தில், எங்கள் குவார்ட்டர்ஸ் கூடத்தில், என் தையல் மிஷின் பலகை மேலேயே கம்ப்யூட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு, வாய் நிறைய மிக்சரோடு சொன்னான். “மிஷின் மேல எண்ணெய்க் கையை வைக்காதடா எருமை” என்று கத்தினேன். அவன் கேட்கிற ஆளா? கை துடைக்க நான் வெட்டி வைத்திருந்த துணியையே எடுத்தான்.

அப்போது நான் இன்டர்நெட்டில் ஒரு புத்தகம் விற்றுக்கொண்டிருந்தேன். அச்சடித்த புத்தகம் இல்லை. காசு கட்டினால் மெயிலில் வந்து சேருகிற பி.டி.எஃப். உள்ளே பிளவுஸ் வெட்டுவதற்கான படங்கள், ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக. பிரிண்ட் எடுத்து, தாள்களை ஒட்டி, துணி மேல் விரித்து, கோட்டின் மேலேயே கத்திரியை ஓட்டினால் போதும். சிங்கப்பூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் இருந்த நம் பெண்களுக்கு அங்கே பிளவுஸ் தைக்க ஆள் கிடைப்பதில்லை. ஊரிலிருந்து தைத்து வாங்கிப் போனாலும், உடம்பு பெருத்தால் ஒரு கஷ்டம், இளைத்தால் ஒரு கஷ்டம். அவர்கள்தான் வாங்கினார்கள். நானும் ஏதோ பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருட்டு எனக்குப் புதிது இல்லை. தொண்ணூறுகளில், கல்யாணமாகி அணுபுரம் வந்த புதிதில், பழுப்புத் தாளில் கையால் வரைந்து வைத்திருந்தேன். டவுன்ஷிப்பில் யாரோ ஒருத்தி இரண்டு நாளில் தருகிறேன் என்று வாங்கிப் போனாள். அடுத்த மாதம் எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டில் அதன் ஜெராக்ஸ் இருந்தது. ஓரத்தில் நான் பென்சிலால் எழுதியிருந்த கணக்குகூட அப்படியே விழுந்திருந்தது. பால் பூத்தில் வைத்து அவளைப் பிடித்துக்கொண்டேன். “வெட்கமா இல்லையா உங்களுக்கு?” என்றேன். “இதுல என்னங்க இருக்கு, பேப்பர்தானே?” என்றாள். அந்தப் ‘பேப்பர்தானே’ எனக்கு வருஷக்கணக்கில் எரிந்தது. என் மூளையைக் கசக்கி வரைந்த அக்குள் வளைவு அவளுக்கு வெறும் பேப்பர்.

அதனால்தான் தம்பி ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, “எல்லாத்தியும் கம்ப்யூட்டர்ல போட்டு வித்துடலாம்கா” என்று ஆரம்பித்தபோது நான் கேட்ட முதல் கேள்வியே, “காப்பி அடிச்சா இன்னாடா பண்றது?” என்பதுதான். முதலில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாஸ்வேர்ட் வைத்தான். வாங்கினவர்கள் ஃபைலோடு பாஸ்வேர்டையும் சேர்த்தே அடுத்தவர்களுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் பேர் போடுகிற யோசனை. யார் காசு கட்டினாலும் அவர்கள் பேரும் செல் நம்பரும் ஒவ்வொரு பக்கத்திலும் சாம்பல் நிறத்தில் தானாகவே விழுந்துவிடும்படி ஒரு புரோகிராம் எழுதினான். அந்தப் பக்கம் எங்கே போய் முளைத்தாலும், வெளியே விட்டது யார் என்று அதிலேயே இருக்கும்.

அதை அவன் எங்கே போட்டான் என்பதில்தான் அவன் குசும்பே இருந்தது. பக்கத்தின் ஓரத்தில் போட்டால் வெட்டி எறிந்துவிடுவார்கள். நடுவில் போட்டால் வெள்ளை மை தடவி ஜெராக்ஸ் எடுப்பார்கள். அதனால் பேரைச் சரியாக வெட்டுக்கோட்டின் மேலேயே ஓட விட்டான். கழுத்து வளைகிற இடத்தில் பேரும் வளையும், கை வளைகிற இடத்தில் நம்பரும் வளையும். “பேரை அழிச்சா அக்குளும் சேந்து பூடும். அக்குள் இல்லாத பிளவுஸ் தச்சு மாட்டிகினு போவட்டும்” என்று சொல்லி அவனே விழுந்து விழுந்து சிரித்தான். பாஸ்வேர்டையும் விடவில்லை. அவரவர் செல் நம்பரையே பாஸ்வேர்டாக்கினான். சொந்த நம்பரை ஊருக்கெல்லாம் யார் சொல்வார்கள் என்பது அவன் கணக்கு.

சோதித்துப் பார்க்க முதல் பிரதியை அவனே காசு கட்டி வாங்கினான். இனிஷியலோடு அவன் பேர், பின்னால் அவன் நம்பர், எல்லாப் பக்கத்திலும் அழகாக விழுந்திருந்தது. அதை ஒரு சிடியில் போட்டு எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனான். அங்கேதான் அவனும் அம்மாவும் இருந்தார்கள். அப்பா போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாகியிருந்தது.

அந்த வருஷம் மழைக்காலத்தில், ஒரு சாயங்காலம் வேலை விட்டு வரும்போது, திருப்போரூர் ரோட்டில் விளக்குப் போடாமல் நின்ற லாரியில் தம்பி பைக்கோடு மோதிவிட்டான். அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவை என்னோடு வந்துவிடு என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். “ஒன் வூட்ல எனக்கு இன்னா கீது?” என்று சொல்லிவிட்டாள்.

நான் பழையபடி மிஷினில் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது? அவன் எழுதின புரோகிராம் அவன் இல்லாமலே ஓடிக்கொண்டிருந்தது. யாராவது வாங்கினால் அவர்கள் பேரைத் தானே எடுத்து, தானே வளைத்து, தானே அனுப்பிவிடும். சில நாள் ஆர்டர் வந்து மெயில் போகிற சத்தம் கேட்கும்போது, கம்ப்யூட்டருக்குள் அவன் உட்கார்ந்து வேலை பார்ப்பதாகவே இருக்கும். பைத்தியம் பிடித்துவிடுமோ என்று எழுந்து துணி மடிக்கப் போய்விடுவேன்.

பிறகு ஆர்டர் குறைந்தது. அப்புறம் நின்றே போனது. ஒரு மத்தியானம், வீட்டுக்காரர் பிளான்ட்டில் டூட்டியில் இருந்தார், என் புத்தகத்தின் பேரைப் போட்டு இன்டர்நெட்டில் தேடினேன். பெண்கள் சமையல் குறிப்பும் கோலமும் பகிர்ந்துகொள்ளும் ஒரு தளத்தில் யாரோ போட்டிருந்தார்கள். ‘இலவசம் தோழிகளே, எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று. கீழே நன்றி, நன்றி, நன்றி என்று ஒரே வாழ்த்து மழை. எவள் விட்டாள் என்று பார்த்துவிடுகிறேன், இருக்கிறது அவளுக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தேன். பாஸ்வேர்ட் கேட்கவில்லை. அதை எடுத்துவிட்டிருந்தார்கள். முதல் பக்கம் வந்தது. கழுத்து வளைவில் என் தம்பியின் பேர் இருந்தது.

அடுத்த பக்கம் போனேன். அவன் பேர். அதற்கடுத்த பக்கம். அவன் பேர். முன்பக்கம், பின்பக்கம், கை, பட்டி, எல்லாவற்றிலும் அவனே வளைந்து வளைந்து வந்துகொண்டிருந்தான். ஃபேன் ஓடுகிற சத்தம் தவிர டவுன்ஷிப்பில் ஒரு சத்தம் இல்லை. திரையைக் கையால் மூடிக்கொண்டேன். பயந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். சொந்தத் தம்பியைப் பார்த்தே பயந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் திருநெல்வேலிக்காரர், எதையும் நிதானமாகத்தான் சொல்வார். “இங்க பாரு, நான் சொல்லுதேன்னு கோவிச்சுக்காத. இந்த ஏற்பாடே எதுக்கு? யார் வெளிய விட்டாங்கன்னு தெரியத்தானே? தெரிஞ்சிட்டுல்லா” என்றார்.

“செத்தவன் மேல பழி போடறீங்களா?”

“நான் எங்க போடுதேன்? அவன் எழுதின புரோகிராம்தான் சொல்லுது.”

தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். அவர் மேல் கோபம் வந்ததற்குக் காரணம், அவர் சொன்னதையேதான் நானும் மத்தியானத்திலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். பாஸ்வேர்ட் அவன் நம்பர். அது தெரியாமல் அந்த ஃபைலைத் திறக்கவே முடியாது. திறக்காமல் பூட்டை எடுக்கவும் முடியாது. அப்படியானால் அவனே யாருக்கோ கொடுத்திருக்கிறான். ஆபீசில் யாராவது பெண்ணுக்கா? பாவம் பார்த்து யாருக்காவதா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே கொடுத்திருப்பேனே. என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்குக் காவல் போட்டுவிட்டு, அந்தப் பக்கம் போய் அவனே திறந்துவிட்டானா?

அவன் போட்டோ எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் இருந்தது. கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்தது. அதில் அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டிருப்பான். விளக்கேற்றும்போது தினமும் கேட்டேன். “நீதானாடா? சொல்லித் தொலையேன்.” உயிரோடு இருக்கிற தம்பி என்றால் மண்டையில் நாலு போடு போட்டு உண்மையைக் கறந்திருப்பேன். செத்தவனிடம் என்ன சண்டை போட முடியும்? அவனும் பதில் சொல்லமாட்டான், நானும் விடமாட்டேன். வெறும் துணியை விரித்தால்கூட அதில் சாம்பல் நிறத்தில் எழுத்து ஓடுகிற மாதிரி தெரிந்தது. கத்திரியை வைக்கக் கை வரவில்லை. கோட்டின் மேல் வெட்டினால் அவன் பேரை வெட்டுவதாக இருந்தது.

வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. அந்தத் தளத்துக்கும், அதிலிருந்து எடுத்துப் போட்டிருந்த மற்ற இடங்களுக்கும் ஃபைலை நீக்கச் சொல்லி மெயில் அனுப்பினார். ஆதாரம் கேட்டார்கள். இது இன்னாருக்கு விற்கப்பட்ட பிரதி, அவர் அனுமதியில்லாமல் வெளியே விட்டுவிட்டார், பக்கத்தில் இருக்கும் பேரே சாட்சி என்று எழுதி என் பேரில் அனுப்ப வேண்டும். எழுதியாயிற்று. நான் பட்டனை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். தினமும் திறந்து பார்ப்பேன். என் தம்பி திருடன் என்று நானே கையெழுத்துப் போட வேண்டும். மூடிவிடுவேன்.

இந்த நாட்களில் அம்மா வேறு வித்தியாசமாக இருந்தாள். செங்கல்பட்டு வீட்டு லேண்ட்லைனிலிருந்து எனக்குப் போன் செய்து, திடீர் திடீரென்று தையல் சந்தேகம் கேட்பாள். “ஏன்டி, மார்பு முப்பத்தெட்டுன்னா அக்குள் சுத்து எவ்ளோ வெக்கணும்?” “பின்கழுத்து தொளதொளன்னு நிக்குதுன்னா எங்க புடிக்கணும்?” ஊசியில் நூல் கோக்கக்கூடப் பொறுமை இல்லாதவள் அவள். துக்கத்தை மறக்கத் தையல் கற்றுக்கொள்கிறாள்போல, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு நானும் சொல்லிக்கொடுத்தேன். ஒரு தரம், “பிரிண்ட் எடுத்து வெட்னா ஏன் இறுக்கமா வர்து?” என்று கேட்டாள். “கடைக்காரன் பக்கத்துக்குப் பொருந்தற மாதிரி சுருக்கிப் போட்டிருப்பான். அப்படியே அளவு மாறாமப் போடச் சொல்லு” என்றேன். அம்மாவுக்கு எதற்குப் பிரிண்ட் என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த நம்பருக்குப் போன் செய்துபார்க்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. அன்றைக்கும் மெயிலைத் திறந்துவிட்டு, அவன் பேருக்குப் பின்னால் இருந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் பைக்கோடு நொறுங்கியிருக்கும், நம்பர் செத்திருக்கும், ‘உபயோகத்தில் இல்லை’ என்று ஒரு பெண் குரல் சொல்லும். அதைக் காதால் கேட்டுவிட்டால் மனசு ஆறும், பட்டனை அமுக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ரிசீவரை எடுத்து ஒவ்வொரு எண்ணாக அமுக்கினேன்.

மணி அடித்தது.

ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். வைத்துவிட வேண்டும், கை வரவில்லை. அந்தப் பக்கம் எடுத்தார்கள். குக்கர் விசில் கேட்டது. பிறகு, “அலோ” என்று என் அம்மாவின் குரல். “மாஸ்டர் வெளிய போயிருக்காரும்மா. இன்னா அளவு, சொல்லு, நான் கேட்டு வெக்கிறேன்.”

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். “அலோ, யாரும்மா? வெக்கப்படாத, சொல்லு” என்றாள் அம்மா. அவளுக்குத் திரையில் நம்பர் பார்க்கத் தெரியாது. ரிசீவரை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் புடவையை மாற்றிக்கொண்டு, வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றம் வரைக்கும் கண்ணீர் நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஜன்னலை மூடட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

செங்கல்பட்டு வீட்டில் முன்கதவு திறந்தே இருந்தது. அம்மா குளிக்கப் போயிருந்தாள். பின்பக்கத் துவைக்கிற கல்லருகே மீன்காரி உட்கார்ந்து அரிவாள்மனையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மாமல்லபுரத்துக் குப்பத்திலிருந்து வாரம் இரண்டு தரம் பஸ்ஸில் கூடை கொண்டுவருகிறவள். அம்மா சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மாஸ்டரு அக்காவா நீ? மொகம் அப்டியே கீது.”

“எந்த மாஸ்டர்?”

“இன்னாக்கா, ஒன் தம்பிதான். போட்டோல கீறாரே. அவரு சிடியப் பாத்துதான் எங்க குப்பத்துல பாதிப் பேருக்கு நான் பிளவுஸ் தச்சுகினு கீறேன். ஒரு இஞ்ச் அப்டி இப்டி வராது. இன்னாமா போட்டுக்கீறாரு மனுசன்! அவரு பேரும் நம்பரும் பக்கத்துக்குப் பக்கம் போட்டுக்கீறாரு பாரு, அதான் பெரிய மனசு. எந்த டெய்லரு நம்பர் குடுப்பான்?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. காலண்டரில் கடைக்காரன் பேரும் நம்பரும் இருக்கும். நோட்டீஸில் தொடர்புக்கு என்று இருக்கும். நம் ஜனங்களுக்கு ஒரு தாளில் பேரும் நம்பரும் இருந்தால், அது அதைச் செய்தவன் பேர், சந்தேகம் வந்தால் கூப்பிடு என்று அர்த்தம். திருடனைக் காட்டிக்கொடுக்க என் தம்பி போட்ட முத்திரையை ஊரே மாஸ்டரின் விலாசம் என்று படித்துவிட்டது. சட்டைப் பொத்தான் அறுந்தால் என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறவன், மலேசியாவிலிருந்து மதுரை வரைக்கும் மாஸ்டர் ஆகிவிட்டான்.

“அந்த சிடி உனக்கு எப்படிக் கிடைச்சுது?” என்றேன். குரலை எப்படியோ அடக்கிக்கொண்டேன்.

“ஒங்கம்மாதான் குட்த்துச்சு. தெறக்குறதுக்கு நம்பரும் அதுவே சொல்லிச்சு, அட்டையில எழுதிகினு போனேன். மாபலிபுரத்துல வெள்ளக்காரங்க வர்ற பிரவுசிங் சென்டர்ல குட்த்து பிரிண்ட் போட்டேன். அந்த அண்ணாத்த பூட்டெல்லாம் எட்த்துட்டு அவரு மிஷின்லியும் ஒண்ணு வெச்சிகினாரு. அப்பால ஒங்கம்மா, இன்னும் நாலு பேருக்கு குடு, தெரிஞ்சவங்க தெரியாதவங்க அல்லாருக்கும் குடுன்னுச்சு. வாரா வாரம் கேக்கும், யாருக்குனா குட்த்தியான்னு. நானும் கூடைல சிடிய வெச்சிகினு குட்த்துகினே வர்றேன்.”

அவன் நம்பர் அவனுக்கு மட்டும்தான் தெரியும் என்று எத்தனை நாள் நினைத்து நினைத்துச் செத்தேன்! பெற்றவளுக்குத் தெரியாதா? படிக்கத் தெரியாவிட்டால் என்ன, தினமும் சாயங்காலம் ‘எங்கடா வந்துகினு கீற’ என்று கேட்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வாயால் சொல்லி அமுக்கச் சொன்ன நம்பர் அது. தம்பி இல்லை. அவன் இல்லை. அந்த ஒரு கணம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லி மாளாது. அடுத்த கணமே அம்மாவின் மேல் தீயாய்க் கோபம் வந்தது.

மீன்காரி போகும்வரைக்கும் பொறுத்தேன். அம்மா ஈரத்தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்தாள். “இன்னாடி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற? நாஸ்தா துன்னியா?” என்றாள். டி.வி. ஸ்டாண்டின் மேல், சார்ஜர் ஒயரோடு, தம்பியின் போன் இருந்தது. அதைக் கையில் எடுத்துக் காட்டினேன்.

“இது இன்னா?”

அம்மா மாவுச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அன்னிக்கு எட்த்துகினு போவ மறந்துட்டான்” என்றாள்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கத்தினேன். என் பொழைப்பு போச்சு என்றேன். அவனைத் திருடன் என்று நினைத்தேன், என் வீட்டுக்காரர் நினைத்தார், மெயில் எழுதி வைத்திருக்கிறோம் என்றேன். பெற்ற பிள்ளை பேரை இப்படியா நாறடிப்பாய் என்றுகூடக் கேட்டேன். அம்மா மாவைக் கரைத்துக்கொண்டே இருந்தாள். நான் மூச்சு வாங்கி நின்றதும் பேசினாள்.

“மீன்காரி பிளவுஸ் வெட்ட படம் இன்னா கீதான்னு கேட்டா. அவன் அலமாரில சிடி சும்மா கெடந்துச்சி, அவன் நம்பரப் போட்டாத்தான் தெறக்கும்னு அவனே சொல்லிக்கீறான், குட்த்தேன். அவ்ளோதான். வேற ஒண்ணியும் நெனக்கல. ஒரு மாசம் கழிச்சி இந்த போன் அடிச்சுது. அவன் போன பொறவு அது அடிச்சதே இல்ல. எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சி. எட்த்தேன். எவளோ ஒருத்தி, மதுரப் பக்கத்துப் பேச்சி. அவன் பேர இனிசிலோட சொல்லி, மாஸ்டர் இருக்காராங்கிறா. இருக்காரான்னு கேக்குறாடி. நீங்க அல்லாரும் அவன இருந்தான், இருந்தான்னு சொல்லிகினு கீறீங்க. ஒன் வூட்டுக்காரரு, சொந்தக்காரங்க, ஆபீஸ்லேந்து வந்தவங்க, அல்லாரும். அவ ஒருத்திதான் இருக்காரான்னு கேட்டா. நான் இன்னா சொல்றது? வெளிய போயிருக்கான்னேன். சொல்லிட்டு அன்னிக்கித்தான் ரெண்டு வாய் சோறு துன்னேன்.”

அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள்.

“போன் அடிக்கணும்னா சிடி போவணும்னு புரிஞ்சிது. அதான் குடு குடுன்னேன். இப்போ தெனம் அடிக்குது. நீ அந்த மெயிலு இன்னாவோ அனுப்புறியே, அனுப்பிட்டா நின்னுடுமா?”

“நின்னுடும்.”

அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. “என்னண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா. எத்தனை பேருக்கு வேணாலும் குடுன்னு நானே குடுத்திருப்பேனே” என்றேன்.

“குட்த்திருப்ப. ஒன்னண்ட சுத்தமானது கீதே. அவன் பேர எட்த்துட்டுதான் குட்த்திருப்ப.”

அது உண்மை. அப்படித்தான் செய்திருப்பேன். அழுக்கு இல்லாத பக்கமாக எடுத்துக் கொடுத்துவிட்டு, பெரிய காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டிருப்பேன். அம்மா தோசைக்கல்லில் மாவை ஊற்றினாள். அதை வட்டமாக இழுத்துக்கொண்டிருக்கும்போது என் கையிலிருந்த போன் அடித்தது. கை அதிர்ந்ததில் கீழே போடப் பார்த்தேன். அம்மாவின் கை முழுக்க மாவு.

“எடுடி. வெச்சிடப்போறா” என்றாள்.

பச்சைப் பட்டனை அமுக்கிக் காதில் வைத்தேன். சின்னப் பெண்ணின் குரல், கோயமுத்தூர்ப் பக்கம். என் தம்பியின் பேரை இனிஷியலோடு, ஒரு எழுத்து விடாமல், அத்தனை மரியாதையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, “மாஸ்டர் இருக்காருங்களா?” என்று கேட்டாள்.

அம்மா கரண்டியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோசை ஓரத்தில் கருகுகிற வாசனை வந்தது.

“வெளிய போயிருக்கான்மா” என்றேன். “நான் அவனோட அக்கா. உன் அளவு சொல்லு.”